பெட்டி ஏறும் துறைமுகம்

சென்னைக் கடற்கரையிலிருந்து சரக்கு அனுப்பும் ஏற்றுமதியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் தொழிலதிபர்களுக்கும், ஓரகடம், ஸ்ரீபெரும்புதூர் உதிரிபாகத் தொழிற்சாலைக்காரர்களுக்கும், சென்னை வழியே சரக்கு அனுப்பும் திருப்பூர், கரூர் ஜவுளிக்காரர்களுக்கும்,

நான் திருவொற்றியூர்க்காரன். பாரிமுனையில் சுங்க முகவர் அலுவலகங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உங்களில் சிலருடைய ஷிப்பிங் பில் என் கையால் போயிருக்கும். அந்தப் படிவத்தில் சரக்கு ஏறும் துறைமுகத்துக்கு ஒரு கட்டம் உண்டு. சென்னை என்றால் ஒரு குறியீடு, எண்ணூர் என்றால் ஒன்று, காட்டுப்பள்ளி என்றால் வேறொன்று. அதை நிரப்ப நொடிகூட ஆகாது. ஃபார்வர்டர் சொல்வார், நாங்கள் அடிப்போம், நீங்கள் பார்க்கக்கூட மாட்டீர்கள். அந்தக் கட்டத்தைப் பற்றி உங்களிடம் பேசத்தான் இந்த மடல்.

புறக்கணிப்பு என்ற பேச்சு எங்கள் பக்கத்தில் அடிக்கடி எழுகிறது. கல்லூரிப் பிள்ளைகள் வருகிறார்கள், அதானி குழுமத்தின் காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள், “அதானி பொருள் எதையும் வாங்காதீர்கள்” என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அவர்கள் கோபத்தில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் எதை வாங்காமல் இருப்பது? 2020 டிசம்பரில் டெல்லி எல்லையில் உட்கார்ந்திருந்த விவசாயச் சங்கங்கள் அம்பானி, அதானி குழுமங்களின் பொருள்களைப் புறக்கணிக்க அழைத்தபோது பலருக்கும் நினைவுக்கு வந்தது ஃபார்ச்சூன் எண்ணெய். அந்த எண்ணெய் நிறுவனத்திலிருந்து விலகுவதாக அதானி குழுமமே 2024 டிசம்பர் 30 அன்று அறிவித்தது. அடுத்த ஆண்டு நிறுவனத்தின் பெயரிலிருந்தும் அதானி என்ற சொல் போய்விட்டது. இன்று தேரடிப் பக்கத்து மளிகைக் கடையில் ஒரு அம்மா அந்தப் பாக்கெட்டை எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்தால், அந்தச் சேதி காட்டுப்பள்ளிக்குப் போய்ச் சேராது.

வடசென்னையில் நடக்கும் தொழில்கள் பெரும்பாலும் இப்படித்தான். இங்கே உற்பத்தியாகும் எதையும் கடையில் வைத்து விற்பதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு சி.பி.சி.எல். சுத்திகரிப்பு ஆலைப் பக்கத்திலிருந்து எண்ணெய் வெளியேறி, பக்கிங்ஹாம் கால்வாய் வழியே எண்ணூர் முகத்துவாரத்தில் படர்ந்தது. மீனவர்கள் குவளையையும் வாளியையும் எடுத்துக்கொண்டு படகிலிருந்து அள்ளினார்கள். அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, கோரமண்டல் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பத்து ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். பெட்ரோல் பங்கில் நிற்பவர் எந்த ஆலையின் பெட்ரோல் என்று பார்த்து மறுக்க வழியில்லை. கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் படிய வைத்த அனல்மின் நிலையத்தின் மின்சாரம் எது என்று வீட்டு ஸ்விட்சில் எழுதியிருப்பதில்லை.

கொடைக்கானலில் நிலைமை வேறாக இருந்தது. யூனிலீவரின் பாதரச வெப்பமானி ஆலை 2001இல் மூடப்பட்டது. தொழிலாளர்கள் இழப்பீடு கேட்டு ஆண்டுக்கணக்காக அலைந்தார்கள். 2015இல் சோஃபியா அஷ்ரஃப் பாடிய ஒரு ராப் பாடல் உலகமெங்கும் பரவியது. சோப்பும் ஷாம்பும் விற்கும் நிறுவனத்துக்குத் தன் பெயர் கெடுவது உறைத்தது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் உடன்பாடு ஏற்பட்டது. தொழிலாளர்களின் விடாத போராட்டமும் வழக்கும் இல்லாமல் அது நடந்திருக்காது. ஆனாலும் அந்த நிறுவனத்தின் பொருள் ஒவ்வொரு வீட்டுக் குளியலறையிலும் இருந்தது என்பது அந்தத் தொழிலாளர்களுக்குப் பலமாக இருந்தது. எங்களுக்கு அந்தப் பலம் கிடையாது. துறைமுகத்தின் வாடிக்கையாளர் நீங்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

உங்களில் பலர் காட்டுப்பள்ளியைப் பார்த்திருக்க மாட்டீர்கள். உங்கள் கன்டெய்னர் பெட்டி பார்த்திருக்கும். மீஞ்சூரிலிருந்து கிழக்கே போகும் சாலையில், அனல்மின் நிலையத்தைத் தாண்டினால் ஒருபுறம் வங்காள விரிகுடா, மறுபுறம் கொசஸ்தலையின் உப்பங்கழியும் பக்கிங்ஹாம் கால்வாயும். நடுவில் ஒரு மணல் திட்டு. தெற்கே எண்ணூர் முகத்துவாரம், வடக்கே போனால் பழவேற்காடு ஏரி. அந்தத் திட்டு இருப்பதால்தான் புயல் நேரத்தில் கடலின் முழு வேகமும் உள்ளே வருவதில்லை. உப்பங்கழி இருப்பதால்தான் மழைவெள்ளம் ஊருக்குள் நிற்காமல் பரவி வடிகிறது. அங்கே இருளர் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். பறியை வாயில் கவ்விக்கொண்டு, இரண்டு கையும் சேற்றுக்குள் இருக்கும். பழவேற்காட்டில் பாடு முறை இன்னும் இருக்கிறது. எந்த ஊர்க்காரர் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடுவது என்று முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். ஒரு ஏரியை எல்லோரும் சேர்ந்து சண்டையில்லாமல் உண்பதற்கு இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் எந்த அலுவலகத்திலும் பார்த்ததில்லை.

அந்தத் திட்டின்மேல் எல் அண்ட் டி நிறுவனம், அரசின் டிட்கோவோடு சேர்ந்து கப்பல் கட்டும் தளமும் துறைமுகமும் அமைத்தது. காட்டுப்பள்ளிக் குப்பத்துக் குடும்பங்கள் அப்போதே கடலோரத்திலிருந்து இடம் மாற்றப்பட்டன. துறைமுகத்தை 2018இல் 1,950 கோடி ரூபாய்க்கு அதானி துறைமுக நிறுவனம் வாங்கியது. அடுத்து வந்ததுதான் விரிவாக்கத் திட்டம். 330 ஏக்கரில் இருக்கும் துறைமுகம் 6,111 ஏக்கராக வேண்டும். ஆண்டுக்கு 2 கோடியே 46 லட்சம் டன் கையாளும் திறன் 32 கோடி டன்னாக வேண்டும். செலவு 53,031 கோடி ரூபாய். சுமார் 2,000 ஏக்கர் கடலைத் தூர்த்து நிலமாக்க வேண்டும். மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் 2021 ஜனவரி 22 என்று குறித்தார்கள், தள்ளிப்போனது. 2023 செப்டம்பர் 5 என்று குறித்தார்கள், அதுவும் தள்ளிப்போனது. வேலைவாய்ப்பும் வணிகமும் பெருகும் என்று நிறுவனம் சொல்கிறது. கரையில் இருப்பவர்கள் தங்கள் கடலும் கழியும் போய்விடும் என்கிறார்கள்.

கடலில் கல் போட்டால் என்ன ஆகும் என்பதை ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் பிறந்தவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். நம் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1876இல் சென்னைத் துறைமுகத்தின் சுவர்களைக் கட்டத் தொடங்கினார்கள். மணல் தெற்கே தேங்கி மெரினா அகன்றது. வடக்கே மணல் வராமல் ராயபுரம் முதல் எண்ணூர் வரை கடல் கரையைத் தின்றது. தெருக்கள் போயின, வீடுகள் போயின. இன்று எங்கள் கடற்கரை என்பது அரசு கொட்டிவைத்த கருங்கல் வரிசை. படகை இழுத்துவைக்க மணல் இல்லாமல் எங்கள் ஆட்கள் கல்லுக்கு நடுவே இடம் தேடினார்கள். மெரினாவில் காற்று வாங்குபவர்களுக்கு அந்த மணல் யாருடையது என்று தெரியாது. இப்போது அதே கடலில், காட்டுப்பள்ளிக்கு வடக்கே, பழவேற்காடு வரை இருக்கும் ஊர்களுக்கு அதே கதையை இன்னும் பெரிதாகச் செய்யப் பார்க்கிறார்கள். 330 ஏக்கர் துறைமுகத்துக்கே கரை அரிக்கிறது என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள்.

“துறைமுகத்தை நாங்களா தேர்ந்தெடுக்கிறோம்? எஃப்.ஓ.பி. ஒப்பந்தம். கப்பல் கம்பெனியை வெளிநாட்டு வாங்குபவர் முடிவு செய்கிறார். கப்பல் எங்கே நிற்கிறதோ அங்கே பெட்டி போகிறது” என்பீர்கள். பெரும்பாலும் உண்மைதான். அதை மறுத்துப் பேசினால் இந்தத் தொழிலில் இருந்தவன் என்று சொல்லிக்கொள்ள எனக்குத் தகுதியில்லை. ஆனால் ஒப்பந்தத்தில் துறைமுகத்தின் பெயர் எழுதப்படுகிறது. சென்னை என்று எழுதிவிட்டு, பிறகு காட்டுப்பள்ளிக்கு அனுப்புங்கள் என்று ஃபார்வர்டர் சொல்லும்போது தலையாட்டுவது நீங்கள். இரண்டு கப்பல் கம்பெனிகள் ஒரே விலை சொன்னால், வாங்குபவர் உங்களைத்தான் கேட்கிறார், எது வசதி என்று. அந்த இடம் சின்னதுதான், ஆனால் இருக்கிறது. அது சுருங்கிக்கொண்டும் வருகிறது. எண்ணூர் காமராசர் துறைமுகத்துக்குள் இருக்கும் பெட்டி முனையமும் அதானி குழுமத்தினுடையதுதான். அதில் 49 சதவீதத்தை எம்.எஸ்.சி. கப்பல் குழுமத்தைச் சேர்ந்த நிறுவனத்துக்கு விற்பதாக 2023 டிசம்பரில் ஒப்பந்தம் போட்டார்கள். பெட்டியைச் சுமக்கும் கப்பல்காரரும் பெட்டியை ஏற்றும் முனையக்காரரும் பங்காளிகளாகும்போது, இடையில் நிற்கும் உங்கள் சொல்லுக்கு மதிப்பு குறையும். அது முழுதாகக் குறையும் முன்னால் பேசுங்கள் என்கிறேன்.

சரக்கு அனுப்புபவர்கள் சேர்ந்து கப்பலை மாற்றுவது நம் மண்ணுக்குப் புதிதில்லை. 1906 அக்டோபரில் வ.உ.சி. சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்தார். ஒரு பங்கு 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்குகள். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையில் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி மட்டுமே ஓட்டிக்கொண்டிருந்த கடலில் தனிக் கப்பல் விட்டார். பள்ளிக்கூடத்தில் நமக்கு அதைத் தேசபக்தியாகச் சொல்லித்தந்தார்கள். அதில் வணிகக் கணக்கும் இருந்தது. தூத்துக்குடி வணிகர்கள் தங்கள் சரக்கை வெள்ளைக்காரன் கப்பலில் ஏற்ற மறுத்தார்கள். அந்த மறுப்புக்கு அர்த்தம் வந்தது, ஏற்ற வேறொரு கப்பல் இருந்ததால். குத்தகைக்கு எடுத்த கப்பலை எதிராளி நெருக்கடி கொடுத்துப் பறித்தபோது வ.உ.சி. இலங்கையிலிருந்து இன்னொரு கப்பலை வாடகைக்கு எடுத்து ஓட்டினார். பிறகு காலியா, லாவோ என்ற கப்பல்களைச் சொந்தமாகவே கொண்டுவந்தார். பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தைத் தரைமட்டத்துக்கு இறக்கியது. ஆட்களை இலவசமாக ஏற்றிக் குடையும் கொடுத்தார்கள் என்று இன்றும் சொல்வார்கள். 1908 மார்ச்சில் வ.உ.சி.யைச் சிறையில் தள்ளினார்கள். 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது. தனி ஆளைப் பிடித்து உள்ளே போட்டால் முடிந்துவிடும் புறக்கணிப்பு எத்தனை பெரியதானாலும் நிற்காது என்று அந்த வரலாற்றிலிருந்து எனக்குப் புரிகிறது. சங்கமாகச் செய்தால்தான் நிற்கும். உங்களுக்குச் சங்கங்கள் இருக்கின்றன.

நான் உங்களிடம் புதிதாக எந்த அறத்தையும் கேட்கவில்லை. ஆம்பூர்க்காரர்களுக்குப் பாலாறு தெரியும். வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்புக்குப் பிறகுதான் தோல் ஆலைகளின் கழிவுநீருக்கு ஒரு ஒழுங்கு வந்தது. அதற்கும் முன்னால், 1990 வாக்கில் ஜெர்மனி பி.சி.பி. என்ற ரசாயனம் கலந்த தோலை உள்ளே விடமாட்டேன் என்றது. அடுத்த சில ஆண்டுகளில் அசோ சாயங்களுக்கும் கதவைச் சாத்தியது. உங்கள் தகப்பன்மார் அப்போது திட்டினார்கள், பிறகு ரசாயனத்தை மாற்றினார்கள். திருப்பூர்க்காரர்களுக்கு நொய்யல் தெரியும். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது ஊரே நின்றுபோனது. பிறகு ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாத முறைக்கு மாறினீர்கள். இப்போது ஐரோப்பாவிலிருந்து வரும் வாங்குபவர் உங்கள் தொழிற்சாலையின் கழிவறை வரை தணிக்கை செய்கிறார். “நான் வாங்கும் சட்டை எப்படித் தைக்கப்பட்டது” என்று கேட்க அவருக்கு உரிமை உண்டு என்று ஏற்றுக்கொண்டுவிட்டீர்கள். உங்கள் சட்டை எந்தக் கடலைத் தூர்த்த நிலத்தின் வழியே கப்பல் ஏறுகிறது என்று கேட்கும் உரிமையும் கடமையும் உங்களுக்கு உண்டு என்றுதான் சொல்கிறேன்.

சிக்கலான இடத்துக்கு வருகிறேன். இதைத் தாண்டிப் போனால் நான் உங்களை ஏமாற்றுகிறவன் ஆவேன்.

காட்டுப்பள்ளி வேண்டாம் என்று நாளைக்கே எல்லோரும் பெட்டியைச் சென்னைத் துறைமுகத்துக்குத் திருப்பினால், அந்த டிரெய்லர்கள் அத்தனையும் எங்கள் தெரு வழியாகத்தான் போகும். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்தின் ஜீரோ கேட் நோக்கி வரிசை நின்ற நாட்களை நீங்கள் மறந்திருக்கலாம், டிரைவர்கள் மறக்கவில்லை. வண்டிக்கு அடியில் படுத்துத் தூங்கி, கடையில் வாங்கிய தண்ணீரில் முகம் கழுவி, நாள்கணக்கில் காத்திருந்தார்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் டிரெய்லர்களுக்கு நடுவே சைக்கிளைத் தள்ளினார்கள். அந்த நெருக்கடியால்தான் பெட்டிகள் காட்டுப்பள்ளிக்கு நகர்ந்தன. துறைமுகம்–மதுரவாயல் பறக்கும் சாலை 2009இல் தொடங்கி, 2012இல் நின்று, 2022 மே மாதம் மறுபடி அடிக்கல் நாட்டப்பட்டது. அது முடிந்தால் தெற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வருகிற வண்டிகளுக்குத்தான் உதவும்.

இன்னொன்றும் இருக்கிறது. ராயபுரத்து மக்கள் நிலக்கரித் தூசியால் இருமிக்கொண்டிருந்தார்கள். வழக்கு நடந்தது. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதுவும் கையாளக்கூடாது என்று 2011இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ராயபுரத்துக்கு மூச்சு வந்தது. ஆனால் நிலக்கரி எங்கே போனது? எண்ணூருக்கு. காட்டுக்குப்பத்து அம்மாக்கள் இன்று துணி உலர்த்தும்போது கருப்புத் தூளைத் தட்டுகிறார்கள். நல்லெண்ணத்தோடு செய்த காரியம்தான், வெற்றியும்தான். சுமை மட்டும் குறையவில்லை, குறைவாகச் சத்தம் போடுகிற ஊருக்கு மாறியது. எந்தப் புறக்கணிப்பைப் பற்றியும் என்னிடம் யாராவது கேட்டால் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: நீங்கள் விலகினால் அந்தப் பாரம் யார் தலையில் இறங்கும்?

துறைமுகத்துக்கு உள்ளே வேலை செய்பவர்களையும் நினைக்க வேண்டும். இடம் மாற்றப்பட்ட குப்பத்துக் குடும்பங்களிலிருந்து பிள்ளைகள் அங்கே ஒப்பந்த வேலைக்குப் போகிறார்கள். வேலையை நிரந்தரமாக்கச் சொல்லி அவர்கள் போராடியும் இருக்கிறார்கள். பெட்டி வருவது நின்றால் முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுகிறவர்கள் அவர்களாகத்தான் இருப்பார்கள். “எதிர்க்கிற துறைமுகத்திலேயே வேலை பார்க்கிறார்களே” என்று சென்னையில் சிலர் ஏளனமாகப் பேசிக் கேட்டிருக்கிறேன். கடலை எடுத்துக்கொண்டு கொடுத்த வேலை அது. அதை விடச் சொல்ல யாருக்கும் அருகதையில்லை.

ஆகவே இன்றிருக்கும் துறைமுகத்தைக் காலி செய்யச் சொல்லி நான் உங்களைக் கேட்கவில்லை. 6,111 ஏக்கரைத்தான் புறக்கணிக்கச் சொல்கிறேன். இன்று போகும் பெட்டி போகட்டும். அந்த விரிவாக்கத்துக்கு உங்கள் பெயரில் ஒரு பெட்டிகூட வாக்குறுதி தராதீர்கள்.

இதில் பலன் உண்டா என்றால், உண்டு. கை குறைவாக இருந்தாலும் கனமான கைகள் விலகினால் பெரிய நிறுவனங்கள் அசைகின்றன. மியான்மரில் ராணுவத்துக்குச் சொந்தமான நிறுவனத்தின் நிலத்தில் அதானி துறைமுக நிறுவனம் ஒரு முனையம் கட்டிவந்தது. 2021 பிப்ரவரியில் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஏப்ரலில் டவ் ஜோன்ஸ் நிலைத்தன்மைக் குறியீட்டிலிருந்து அந்த நிறுவனத்தை எடுத்தார்கள். ஜூனில் நார்வேயின் கே.எல்.பி. ஓய்வூதிய நிதி தன் பங்கை விற்று வெளியேறியது. அக்டோபரில் மியான்மர் முதலீட்டிலிருந்து விலகப்போவதாக நிறுவனம் அறிவித்தது. 2023 மே மாதம், போட்ட பணத்தில் ஒரு பகுதிக்கே, 3 கோடி டாலருக்கு, அதை விற்றுவிட்டு வந்தது. அமெரிக்கத் தடைகளும் சேர்ந்துதான் நெருக்கின. ஆனாலும் அந்த ஓய்வூதிய நிதிக்காரர்கள் மியான்மர் கடலைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள். காட்டுப்பள்ளிக்கும் உங்களுக்கும் இருக்கும் உறவில் நூறில் ஒரு பங்குகூட அவர்களுக்கு அங்கே இல்லை.

ஆஸ்திரேலியாவின் கார்மைக்கேல் நிலக்கரிச் சுரங்கத்தையும் பாருங்கள். ஆண்டுக்கு 6 கோடி டன் என்று திட்டமிட்டார்கள். மக்கள் வங்கிகளின் வாசலில் போய் நின்றார்கள், காப்பீட்டு நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதினார்கள். வங்கி ஒவ்வொன்றாகக் கை விரித்தது. 2018 நவம்பரில் அதானி குழுமம் சொந்தப் பணத்தில், ஆண்டுக்கு ஒரு கோடி டன் அளவில் தொடங்குவதாகச் சொல்லிவிட்டது. சுரங்கம் நின்றுவிடவில்லை. 2021 கடைசியில் முதல் கப்பலுக்கான நிலக்கரி வந்துவிட்டது. தோல்வி என்று சிலர் சொல்வார்கள். ஆறில் ஒரு பங்காகச் சுருங்கியதை நான் தோல்வி என்று எண்ணவில்லை. எங்கள் கோரிக்கையும் அளவைப் பற்றியதுதான்.

புறக்கணிப்பு என்றாலே சிலருக்கு அச்சம் வருகிறது. அந்த அச்சத்தை நான் மதிக்கிறேன். 2022இல் கர்நாடகத்தில் கோவில் திருவிழாக்களில் முஸ்லிம் வியாபாரிகள் கடை போடக்கூடாது என்று தடுத்தார்கள். நம் ஊர்களில் சாதி மாறிக் கல்யாணம் செய்த குடும்பத்துக்குப் பால் ஊற்றாதே, கடையில் சாமான் கொடுக்காதே என்று கட்டுப்பாடு போடுகிறார்கள். எங்கள் கடற்கரைக் குப்பங்களிலும் ஊரை எதிர்த்துப் பேசிய குடும்பத்தை ஒதுக்கிவைக்கும் வழக்கம் முழுதாகப் போய்விடவில்லை. ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிலில் இருக்கும் முஸ்லிம் நண்பர்களுக்கு இதைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. ஒருவர் யாராகப் பிறந்தார் என்பதற்காக அவரிடம் வாங்காமல் இருப்பது வேறு. ஒரு நிறுவனம் எந்த இடத்தில் என்ன செய்யப்போகிறது என்று சொல்லி, அதை விட்டால் நாளைக்கே திரும்பி வருகிறோம் என்று நிபந்தனையோடு விலகுவது வேறு. முன்னதிலிருந்து தப்பிக்க ஒதுக்கப்பட்டவருக்கு வழியே கிடையாது. பின்னதில் வழி திறந்தே இருக்கிறது. முதலாளி குஜராத்தி என்பதற்காகவோ இன்ன கட்சிக்கு நெருக்கம் என்பதற்காகவோ பேசும் ஆட்கள் எங்கள் கூட்டங்களிலும் வருகிறார்கள். அந்தப் பேச்சோடு எனக்கு உடன்பாடில்லை. நாளை இந்தத் துறைமுகத்தை ஒரு தமிழ் முதலாளி வாங்கி இதே 6,111 ஏக்கரைக் கேட்டாலும் இதே மடலைத்தான் எழுதுவேன்.

உங்கள் சங்கங்கள் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். டிட்கோவுக்கும் துறைமுக நிறுவனத்துக்கும் நீங்கள் வழக்கமாகப் பேசும் கப்பல் கம்பெனிகளுக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள். பெட்டி வணிகத்துக்கு இந்த அளவு விரிவாக்கம் எங்களுக்குத் தேவையில்லை, கடலைத் தூர்த்துக் கட்டும் புதிய முனையங்களை நாங்கள் பயன்படுத்த மாட்டோம் என்று அதில் இருக்கட்டும். இந்தக் கடிதம் எழுதும் முன் உங்கள் ஆட்களையே கேளுங்கள்: சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி மூன்றிலும் கப்பல் நிற்க இடமில்லாமல் உங்கள் சரக்கு எத்தனை முறை தங்கியது? என் அனுபவத்தில் பெட்டி காத்திருந்தது சாலையிலும் கேட்டிலும் தாள் வேலையிலும்தான். அந்தத் தாமதத்தைத் தீர்க்க 2,000 ஏக்கர் கடல் வேண்டியதில்லை. தண்டையார்பேட்டை கான்கார் முனையத்துக்கும் துறைமுகத்துக்கும் ரயில் பாதை இருக்கிறது. பெட்டிகளில் இன்னும் ஒரு பங்கு ரயிலில் வந்தால் உங்களுக்கும் நேரம் மிச்சம், எங்கள் தெருவுக்கும் மூச்சு. அதைக் கேட்டும் எழுதுங்கள், நாங்கள் உங்களோடு கையெழுத்துப் போடுகிறோம்.

வெளிநாட்டு வாங்குபவர்களிடம் இதை மறைக்க வேண்டாம். அடுத்த முறை தணிக்கைக்கு வருபவரிடம் நீங்களாகவே துறைமுகத்தைப் பற்றிப் பேச்செடுங்கள். ஒப்பந்தத்தில் துறைமுகத்தின் பெயரைத் தெளிவாக எழுதுங்கள், மாற்ற வேண்டுமானால் உங்கள் எழுத்துபூர்வமான ஒப்புதல் வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். எதிர்ப்பையெல்லாம் மீறி அந்த அளவுக்கே சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்துவிட்டால், அன்று நீங்கள் பெட்டியைத் திருப்ப வேண்டியிருக்கும். அப்போது எங்கள் தெருவில் டிரெய்லர் கூடும் என்று தெரிந்துதான் சொல்கிறேன். திருவொற்றியூரில் இதைப் பேசிப் பார்த்திருக்கிறோம். எங்களுக்குள்ளேயே ஒத்த கருத்து வரவில்லை. வேண்டவே வேண்டாம் என்றவர்களும் உண்டு. என் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்: பழவேற்காட்டுக் கடல் போவதைவிட என் தெருவில் ஹாரன் சத்தம் கூடுவதைப் பொறுத்துக்கொள்வேன். ஹாரன் சத்தத்தைப் பிறகு ஒருநாள் குறைக்க முடியும்.

மக்கள் கருத்துக் கேட்பு மறுபடி எந்த நாளில் குறிக்கப்பட்டாலும், மீனவர் சங்கங்கள் வரும், இருளர்கள் வருவார்கள், பொன்னேரி விவசாயிகள் வருவார்கள். அவர்கள் என்ன சொல்வார்கள் என்று அதிகாரிகளுக்கு முன்பே தெரியும். வணிகம் வளர்கிறது, அதனால் துறைமுகம் வளர வேண்டும் என்பதுதான் திட்டத்துக்குச் சொல்லப்படும் காரணம். வணிகம் என்றால் நீங்கள். உங்கள் பெயரைச் சொல்லித்தான் கேட்கிறார்கள் என்பதால், அங்கே வந்து எழுந்து நின்று பேச வேண்டியவர்களும் நீங்கள். வருவதற்கு முன் ஒருநாள் இடத்தைப் பார்க்க வேண்டும் என்றால் மீஞ்சூர் வரை மின்சார ரயில் இருக்கிறது. ஸ்டேஷனிலிருந்து கழிக்கரைக்கும் குப்பத்துக்கும் நாங்கள் அழைத்துப் போகிறோம். சங்கத்திலிருந்து எத்தனை பேர் வருகிறீர்கள் என்று மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், மதியச் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்ய வேண்டும்.

அன்புடன்,
திருவொற்றியூரிலிருந்து, ஓய்வு பெற்ற சுங்க முகவர் அலுவலக ஊழியன்